பழைய 26 அங்குல மவுண்டன் பைக்குக்குப் புதிய பாகங்கள்: எது ஏறும், எது ஏறாது

கேள்வி இதுதான். 1995 வாக்கில் வந்த ஸ்டீல் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக்) ஒன்று இருக்கிறது. ட்ரெக் 930, ஸ்பெஷலைஸ்டு ராக்ஹாப்பர் வகையறா. 26 அங்குல வீல், முன்னால் கிராங்கில் மூன்று செயின்ரிங் (பல் வளையம்), பின்னால் ஏழு பல்சக்கரம், கேன்டிலீவர் பிரேக் (ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை), மரை போட்ட ஸ்டியரர் (ஃபிரேமுக்குள் நுழையும் தண்டு) உள்ள ஃபோர்க். ஒற்றைச் செயின்ரிங், டிஸ்க் பிரேக், பெரிய வீல், சஸ்பென்ஷன் ஃபோர்க், ஓடும்போதே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் சீட்போஸ்ட் எல்லாம் போட்டு இதை இன்றைய மவுண்டன் பைக் ஆக்க முடியுமா? முடியும் என்றால் எதில் தொடங்குவது?

கியர், பிரேக், ஹேண்டில்பார், டயர் இந்த நான்கையும் தயங்காமல் மாற்றலாம். நான்கும் மாறினால் ஓட்டும்போது வேறு வண்டி போலவே இருக்கும். பின் டிஸ்க், 27.5 அங்குல வீல், 100 மி.மீ. ஃபோர்க் மூன்றையும் விட்டுவிடுங்கள். ஃபிரேம் பழசு என்பதல்ல காரணம். ஃபிரேமில் வெல்ட் வைத்தும் கடைந்தும் நிரந்தரமாகிவிட்ட அளவுகள் சில உண்டு. பின் ஹப்பின் அகலம், ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட்டியூபின் விட்டம், பிரேக் முளைகள் நிற்கும் இடம், சீட் குழாயின் உள்விட்டம், இவற்றை எந்தப் பாகம் வாங்கியும் மாற்ற முடியாது. இவற்றோடு ஒத்துப்போகும் பாகம் பத்து வருடம் தொந்தரவில்லாமல் ஓடும். ஒத்துப்போகாததை அடாப்டர் வைத்துப் பொருத்தினால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடும்.

ஆகவே எதையும் வாங்குமுன் அளவெடுங்கள். வெர்னியர் காலிப்பரும் ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் அரைமணி நேர வேலை.

பின்வீலைக் கழற்றி, ஆக்சில் உட்காரும் இரு வெட்டுகளுக்கும் (டிராப்அவுட்) இடையே உள்பக்கமாக அளங்கள். 90-களின் மவுண்டன் பைக் பெரும்பாலும் 135 மி.மீ. காட்டும், 80-களின் கடைசியில் வந்தவை 130. ஸ்டீல் ஃபிரேம் 130 காட்டினால் 135-க்கு விரிக்கலாம், பக்கத்துக்கு 2.5 மி.மீ. தான். விரித்தபின் டிராப்அவுட் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று பார்த்து நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் வளையும். அலுமினிய ஃபிரேமை ஒருபோதும் விரிக்காதீர்கள்; அன்றைக்கு உடையாது, விரிசல் சில மாதம் கழித்து வரும். இன்றைய 142, 148 மி.மீ. ஹப்புகள் இந்த ஃபிரேமில் உட்காரவே உட்காராது.

அடுத்தது ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம். ஹெட்செட்டுக்குள் (ஹெட்டியூப் பேரிங்) இறங்கும் குயில் ஸ்டெம்மை உருவி அதன் தண்டை அளங்கள். 22.2 மி.மீ. என்றால் ஸ்டியரர் 1 அங்குலம், 25.4 என்றால் 1⅛, 28.6 என்றால் 1¼. மூன்றாவது அளவு கேரி ஃபிஷர் வண்டிகள் போன்ற சிலவற்றில் மட்டும் வந்தது, அதற்குப் பாகம் தேடுவது சிரமம். 1⅛ வந்தால் நல்ல செய்தி, இன்றும் நேர் ஸ்டியரர் ஃபோர்க்குகள் அதே அளவில்தான் வருகின்றன. ஆனால் கீழே 1½ அங்குலமாக விரியும் கூம்பு ஸ்டியரர் இந்த 34 மி.மீ. ஹெட்டியூபில் நுழையாது. அதற்கு அடாப்டரும் கிடையாது. குறைந்தது 44 மி.மீ. ஹெட்டியூப் வேண்டும்.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங்) கூட்டின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும், மரை பிரிட்டிஷ் அளவு. இது இன்றும் விற்கும் அளவு, இங்கே கவலை இல்லை. சீட்போஸ்ட்டின் அடியில் 26.4, 26.8, 27.2 என்று ஏதாவது பொறித்திருக்கும், குறித்துவையுங்கள்.

டயருக்கும் செயின்ஸ்டேவுக்கும் (பின்வீலுக்குப் போகும் கீழ்க்குழாய்), டயருக்கும் ஃபோர்க் கிரீடத்துக்கும் (இரு கால்களும் சேரும் மேல்பகுதி) எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். பக்கத்துக்கு 6 மி.மீ. மிச்சம் இருக்கும் அளவுக்குத்தான் டயர் போட வேண்டும். வீல் கொஞ்சம் கோணினாலும், சேறு ஒட்டினாலும் அந்த 6 மி.மீ. தேவைப்படும்.

அளவெடுக்கும் கையோடு ஃபிரேமைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட்டியூபும் டவுன்டியூபும் சேரும் இடத்தின் அடிப்பகுதி, சீட் குழாயின் மேல் வெட்டு, டிராப்அவுட் வெல்ட், செயின்ரிங்குக்குப் பக்கத்துச் செயின்ஸ்டே, விரிசல் வருவது இந்த இடங்களில்தான். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடும் அதையொட்டித் துருவும் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், அந்த ஃபிரேமுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு செய்ய வேண்டாம். ஒரு நூலை இடது டிராப்அவுட்டில் கட்டி, ஹெட்டியூபைச் சுற்றி வலது டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து, சீட் குழாயிலிருந்து இரு பக்க நூலும் எத்தனை மி.மீ. தள்ளி நிற்கின்றன என்று அளங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் கோணியிருக்கிறது.

சீட்போஸ்ட் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அதுவும் கடலோர ஊரில் வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால், முதல் வேலை அதை எடுப்பதுதான். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட், நடுவில் உப்பு ஈரம். இரண்டும் மின்வேதி அரிப்பில் ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்தும், பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிக் கீழிருந்தும் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, போஸ்ட்டை வைஸில் பிடித்து ஃபிரேமைத் திருகிப் பாருங்கள். அது வராவிட்டால் வேறு பாகம் எதையும் வாங்காதீர்கள்.

கியர்: பணம் போட வேண்டிய இடம்

பழைய 42-32-22 செயின்ரிங், 11-28 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) சேர்க்கையில் மிக இலகுவான கியர் 22÷28, அதாவது 0.79. மிகக் கனமானது 42÷11, 3.82. இதற்குப் பதில் முன்னால் 32 பல் ஒன்று மட்டும், பின்னால் 11-42 என்று போட்டால் ஏற்றத்துக்கு 0.76 கிடைக்கும். அதாவது பழைய மூன்று ரிங்கைவிடச் சற்றே இலகு. போவது உச்ச வேகம் மட்டும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 26×2.1 டயரில் 42-11 கியர் மணிக்கு 42 கி.மீ. தரும், 32-11 கியர் 32 கி.மீ. தரும். மண்பாதைக்கு 32 தாராளம். தினமும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர் என்றால் முன் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு செயின், கேசட், கேபிள் மட்டும் புதிதாகப் போடுவது நல்லது. ஒற்றை ரிங் எல்லோருக்கும் உரிய முன்னேற்றம் என்று நினைக்க வேண்டாம்.

ஒற்றை ரிங் என்று முடிவு செய்தால், செயின் நழுவாமல் இருக்க மூன்று விஷயம் சேர்ந்து நடக்க வேண்டும். முதலாவது, பற்கள் ஒன்று விட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும் செயின்ரிங். ஸ்ராம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 தொகுதியோடு கொண்டுவந்த இந்த அமைப்பு இப்போது பெரும்பாலான பழைய கிராங்க் அளவுகளுக்கும் கிடைக்கிறது. இரண்டாவது, செயின் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பாகம்). மூன்றாவது, செயின்லைன். முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு மூன்றாவதை மறப்பவர்கள்தான், பின்பக்கம் மிதித்தால் செயின் பெரிய பல்சக்கரத்திலிருந்து இறங்கிவிடுகிறது என்று குறைப்படுகிறார்கள்.

செயின்லைன் என்பது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் பல்வரை உள்ள தூரம். சீட் குழாயின் பக்கத்திலிருந்து பல்லின் நடுவரை அளந்து, அதோடு குழாய் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். குழாய் 28.6 மி.மீ. என்றால் 14.3 கூட்ட வேண்டும். 135 மி.மீ. ஹப்புக்கு 47 முதல் 49 வரை நன்றாக இருக்கும். பழைய மூன்று-ரிங் கிராங்கின் நடு இடம் ஏறக்குறைய 47.5-இல்தான் நிற்கும், எனவே புது ரிங்கை அங்கேயே மாட்டுங்கள். பெரிய ரிங் இருந்த வெளி இடத்தில் மாட்டினால் 5 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும். நடு ரிங்கும் பெரிய ரிங்கும் ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தவை. இப்போது ஒன்றுதான் என்பதால் ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் தேவை. பழைய போல்ட்டை முறுக்கினால் இறுகியது போலத் தோன்றும், ரிங் ஆடிக்கொண்டே இருக்கும். வெளி இடத்தில் பல் இல்லாத காப்பு வளையம் ஒன்றை மாட்டினால் பழைய போல்ட்டே போதும், கால்சட்டையும் மாட்டாது.

ரிங் வாங்குமுன் கிராங்கின் போல்ட் வட்டம் (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) தெரிய வேண்டும். ஐந்து போல்ட் கிராங்க் 90-களின் தொடக்கத்தில் 110 மி.மீ., நடுவில் 94 மி.மீ.; பிறகு வந்த நான்கு போல்ட் 104 மி.மீ. 94-இல் 30, 32 பல் கிடைக்கும். 104-இல் 32 சுலபம்; 30 வேண்டுமென்றால் ரிங்கிலேயே மரை போட்டது வாங்க வேண்டும். 110-இல் 34-க்குக் கீழே நடைமுறையில் இறங்க முடியாது, ஏற்றம் மிகுந்த இடத்துக்கு அது கனம். அப்போதுதான் கிராங்கை மாற்றும் கேள்வி எழும்.

மற்றபடி கிராங்க் மாட்டும் சதுர முனை அச்சு நன்றாக இருந்தால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பால்ரஸ் ஓடித் தேய்ந்திருந்தால் அதே நீளத்தில் மூடிய காட்ரிட்ஜ் ஒன்று போடுங்கள். ஒற்றை ரிங் சற்று வெளியே நிற்கிறது என்றால் 2 மி.மீ. குட்டையான அச்சு, செயின்லைனை 1 மி.மீ. உள்ளே கொண்டுவரும். பெரிய குழாய் அச்சு உள்ள ஹாலோடெக் 2 கிராங்க் போடுவதானால் 68 மி.மீ. கூட்டில் 2.5 மி.மீ. வளையம் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, 73 மி.மீ. கூட்டில் வலப்பக்கம் ஒன்று மட்டும். கூட்டின் இரு முகங்களும் இணையாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். பெயின்ட் கட்டியான முகத்தில் கப்பை இறுக்கினால் பேரிங் கோணலாக உட்கார்ந்து ஒரு பருவத்துக்குள் கரகரக்கும். வலது கப் இடது மரை: கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு எதிர்ப்பக்கம் நெம்பி மரையைத் தின்றுவிட்ட ஃபிரேம்கள் ஏராளம்.

பின்பக்கம்தான் உண்மையான முடிச்சு. ஏழு கியர் கேசட்டுக்கான ஃப்ரீஹப் பாடி (ஹப்பில் கேசட் ஏறும் உருளை) குட்டை. எட்டு, ஒன்பது, பத்து கியர் கேசட்டுகள் எல்லாம் அதைவிடச் சுமார் 4 மி.மீ. நீளமான பாடியில்தான் முழுதாக உட்காரும். மவுண்டன் பைக்குக்கான 11 கியர் கேசட்டும் அதே நீளப் பாடியில் ஏறும், ஏனென்றால் அதன் பெரிய பல்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். உங்கள் ஹப்பில் இருப்பது கேசட்டா, மரையில் ஏற்றிய பழைய ஃப்ரீவீலா என்று முதலில் பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுழற்றும்போது நடுவிலுள்ள கருவி மாட்டும் வளையமும் கூடவே சுழன்றால் கேசட். அது நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் ஹப்பையே மாற்றுவது நல்லது. அதில் வலது பேரிங் ஆக்சில் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால், கரடுமுரடான பாதையில் ஆக்சில் வளைவதும் உடைவதும் சகஜம்.

கேசட் ஹப் என்றால் சில ஷிமானோ ஹப்புகளில் 10 மி.மீ. ஆலன் சாவியால் பாடியைக் கழற்றி நீளமானதைப் போடலாம். அதற்கு ஆக்சில் வாஷர்களை இடம் மாற்றி, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுத்து, பெண்டு எடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கூலி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் புதுப் பின்வீல் வாங்குவதே கணக்குக்குச் சரி: 26 அங்குலம், 135 மி.மீ., க்விக் ரிலீஸ், 32 துளை, எட்டு முதல் பத்து கியர் பாடி. ஒன்றைக் கவனியுங்கள். இப்போது விற்கும் 26 அங்குல ரிம்களில் பல டிஸ்க்குக்கு மட்டும் ஆனவை, பிரேக் கட்டை பிடிக்கத் தட்டையான பக்கச்சுவர் இருக்காது. "ரிம் பிரேக்குக்கு உகந்தது" என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை கியர்? இந்த ஃபிரேமுக்கு ஒன்பது அல்லது பத்து போதும் என்பதே என் தீர்ப்பு. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் ஒன்பது கியர், 11-42. அட்வென்ட் எக்ஸ் பத்து கியர், 11-48. இரண்டுமே பழைய நீளப் பாடியில் ஏறும், இரண்டிலும் கிளட்ச் டிரெய்லியர் உண்டு. செயினும் கேசட்டும் தேய்ந்தால் மாற்றுச் செலவு குறைவு. ஷிமானோ டியோர் 11 கியர், 11-42 இன்னொரு நல்ல வழி. ஷிமானோவின் 12 கியர் வேண்டாம், அதற்கு மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற வேறு பாடி தேவை. 51 பல் கேசட்டும் வேண்டாம்; பழைய ஃபிரேமின் டிரெய்லியர் கொக்கி (டிரெய்லியர் மாட்டும் இடம்) அத்தனை பெரிய பல்சக்கரத்தை நினைத்து வடித்ததல்ல. டிரெய்லியரைப் பல்சக்கரத்திலிருந்து விலக்கும் பி-ஸ்க்ரூவை முழுக்க முறுக்கினாலும் மேல் புல்லி பல்லில் உரசும், இல்லையேல் சின்னப் பற்களில் வெகுதூரம் விலகிக் கியர் மந்தமாக விழும்.

ஷிஃப்டரும் டிரெய்லியரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறது என்பது ஷிமானோவிலேயே ஒன்பது வரை ஒன்று, பத்தில் வேறு, பதினொன்றில் வேறு; மற்ற நிறுவனங்களில் தனிக்கணக்கு. கலந்து போட்டால் இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவதில் கரகரக்கும். எவ்வளவு டியூன் செய்தாலும் தீராது.

டிரெய்லியர் மாட்டுமுன் கொக்கியை நேராக்குங்கள். முப்பது வருட வண்டியில் அது நேராக இருப்பது அபூர்வம். அளவுகோல் கருவியைக் கொக்கி மரையில் ஏற்றி, ரிம்மின் நான்கு திசையிலும் இடைவெளி ஒன்றாக வரும்வரை மெல்ல வளைக்க வேண்டும். ஸ்டீல் கொக்கி வளைந்து கொடுக்கும். கழற்ற முடியாத அலுமினியக் கொக்கி என்றால் ஒரே முறை, ஒரே திசையில். செயின் நீளத்துக்கு, செயினைப் பெரிய பல்சக்கரத்தையும் செயின்ரிங்கையும் டிரெய்லியர் வழியே போகாமல் சுற்றி, சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். 42 பல் கேசட்டில் மேல் புல்லிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் 5-6 மி.மீ. இடைவெளி வையுங்கள். கேசட் வளையத்தை 40 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும். கையால் இறுக்கி விட்டால் பற்கள் பாடியின் வரிகளைத் தின்றுவிடும்.

பிரேக்

ஷிமானோ 1996 மாடல்களில் கொண்டுவந்த வி-பிரேக், கேன்டிலீவர் நிற்கும் அதே முளைகளில் ஏறும். செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இதை மிஞ்சும் மாற்றம் இந்த வண்டியில் கிடையாது. நிபந்தனை ஒன்று: லீவரையும் மாற்ற வேண்டும். வி-பிரேக்குக்குக் கேன்டிலீவரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிள் இழுக்க வேண்டும். பழைய லீவரோடு போட்டால் கட்டை ரிம்மைத் தொடும்போதே லீவர் ஹேண்டில்பாரை முட்டும். முட்டாமல் இருக்கக் கட்டையை நெருக்கி வைத்தால் லேசாகத் தொட்டாலே வீல் சிறைபட்டு ஆளைத் தூக்கி எறியும். 90-களின் பல வண்டிகளில் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே பாகம். எனவே பிரேக்கை மாற்றினால் ஷிஃப்டரும் போகும். கியர் மாற்றுவதையும் பிரேக் மாற்றுவதையும் ஒரே மூச்சில் திட்டமிடுங்கள்.

80-களின் கடைசி வண்டி சிலவற்றில் பின் பிரேக் செயின்ஸ்டேவுக்கு அடியில் இருக்கும். அது யு-பிரேக். அதன் முளை ரிம்முக்கு மேலே நிற்பதால் வி-பிரேக் ஏறாது, நல்ல கட்டை போட்டு அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது முளைகளின் துருவை நைசான எமரியால் எடுத்து கிரீஸ் தடவுங்கள். கட்டை ரிம்மைத் தொடும் நேரத்தில் பிரேக்கின் இரு கைகளும் ஏறக்குறைய நேர் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கட்டையோடு வரும் தடித்த வாஷரையும் மெல்லிய வாஷரையும் உள்ளே வெளியே இடம் மாற்றிப் போடுங்கள். பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி, கட்டையின் முன்முனை பின்முனையைவிட அரை மி.மீ. முன்னதாகத் தொடும்படி திருப்பி வைத்தால் கீச்சிடாது. கேபிள் போல்ட் 6-8 நியூட்டன் மீட்டர். கூல்ஸ்டாப்பின் செங்கல் நிறக் கட்டை ஈரத்தில் பிடிக்கும். மழையில் ஓட்டுகிறவர்கள் அதையே போடுங்கள். ரிம்மின் பக்கச்சுவரில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. அது டயர் காற்றின் அழுத்தத்தில் ஓடும்போதே பிளக்கும், அதன்மேல் புது பிரேக் போடுவது ஆபத்து.

பின் டிஸ்க்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? டிஸ்க் பிரேக்கின் முறுக்கு விசை முழுவதும் இடது சீட்ஸ்டேவின் (பின்வீலுக்கு இறங்கும் மேல்குழாய்) கீழ்முனையில் ஒரு சிறு இடத்தில் விழுகிறது. இந்த ஃபிரேமில் அங்கே மெல்லிய குழாய்தான் உண்டு. இறுக்கிப் பிடிக்கும் அடாப்டர்கள் நழுவும் அல்லது குழாயை நசுக்கும். ஸ்டீலில் தாங்கி வெல்ட் செய்ய முடியும், ஆனால் தாங்கியோடு குறுக்குத்தண்டும் வைத்து, குழாய்களை நேர்பார்த்து, மறுபடி பெயின்ட் அடித்து, புது ஹப்பில் வீல் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு டிஸ்க்கோடு பிறந்த வேறு ஃபிரேமே வாங்கலாம்.

முன்பக்கம் கதை வேறு. ஃபோர்க்கை மாற்றுவதாக இருந்தால் டிஸ்க் தாங்கி உள்ள 1⅛ நேர் ஸ்டியரர் ஃபோர்க், 100 மி.மீ. டிஸ்க் ஹப்பில் கட்டிய முன்வீல், ஏவிட் பிபி7 மவுண்டன் வகை கேபிள் டிஸ்க், 160 மி.மீ. ரோட்டர். இந்த டிஸ்க் வி-பிரேக் லீவரிலேயே வேலை செய்யும், எனவே பின்னால் வி-பிரேக்கும் முன்னால் டிஸ்க்கும் ஒரே ஜோடி லீவரில் ஓடும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பதால் இந்தப் பாதி டிஸ்க்கே போதும். முன்வீல் க்விக் ரிலீஸை நன்றாக இறுக்குங்கள். டிஸ்க்கின் விசை ஆக்சிலை டிராப்அவுட்டிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும்.

ஃபோர்க், ஹேண்டில்பார்

ஃபோர்க் மாற்றும் எவரும் பார்க்க வேண்டிய எண் டிராவல் (அமுங்கும் தூரம்) அல்ல, ஆக்சிலிலிருந்து கிரீடம்வரை உள்ள உயரம். சஸ்பென்ஷனை எதிர்பார்க்காத ஃபிரேமின் கெட்டி ஃபோர்க் 390-400 மி.மீ. இருக்கும். 26 அங்குல 100 மி.மீ. ஃபோர்க் ஏறக்குறைய 470. ஆள் ஏறியதும் 20 மி.மீ. அமுங்கினாலும் 50 மி.மீ.க்கு மேல் முன்பக்கம் உயரும். 10 மி.மீ.க்கு அரை டிகிரி என்று வைத்தால் ஹெட் கோணமும் சீட் கோணமும் இரண்டரை டிகிரி பின்னால் சாயும். ஏற்றத்தில் முன்வீல் தூக்கும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் இரு பக்கமும் விழும். அதைவிட மோசம், நீண்ட ஃபோர்க் நெம்புகோலாகி ஹெட்டியூபின் அடி வெல்ட்டைப் பிளக்கும். பழைய ஃபோர்க்கின் உயரத்திலிருந்து 20 மி.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள். பழைய சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குள் இருக்கும் ரப்பர் கட்டைகள் இத்தனை வருடத்தில் பொடியாகியிருக்கும். அதன் உயரத்துக்கு ஒத்த நல்ல குரோமோலி ஸ்டீல் கெட்டி ஃபோர்க் போட்டு, அகலமான டயரை மென்மையாக ஓட்டுவது இந்த ஃபிரேமுக்கு மிகப் பொருத்தமான வழி. மரை ஸ்டியரரிலிருந்து மரையில்லாததற்கு மாறும்போது ஹெட்செட்டும் மாறும். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஃபோர்க் அப்படியே இருக்கட்டும் என்றால் குயில் அடாப்டர் ஒன்று போதும். ஸ்டியரருக்குள் இறங்கும் தண்டு 22.2 அல்லது 25.4, மேலே 28.6, அதில் இன்றைய ஸ்டெம்மும் 31.8 மி.மீ. ஹேண்டில்பாரும் ஏறும். ஆப்பு முனையில் கிரீஸ் தடவி, குறைந்தபட்ச ஆழக் கோடு மறையும்வரை இறக்குங்கள்.

பழைய 560 மி.மீ. பார், 130 மி.மீ. ஸ்டெம் கூட்டணியை 700-720 மி.மீ. பார், 80-90 மி.மீ. ஸ்டெம் ஆக்குங்கள். புது வண்டிகளைப் பார்த்து 40 மி.மீ. ஸ்டெம் போட்டுவிடாதீர்கள். அவற்றின் மேல்குழாய் நீளமானது, ஹெட் கோணம் 65-67 டிகிரி. உங்களுடையது 71 அளவில், மேல்குழாயும் குட்டை, 40 மி.மீ. ஸ்டெம்மில் முழங்கால் பாரை இடிக்கும், ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். அகலப் பாருக்குப் பழைய கேபிள்கள் எட்டாது. எப்படியும் கியரும் பிரேக்கும் மாறும்போது இன்னர், அவுட்டர் எல்லாமே புதிதாக வெட்டப்போகிறீர்கள். அவுட்டரைச் சீராக வெட்டி, முனையைத் தட்டையாக்கித் தொப்பி மாட்டுங்கள். பிசிறடித்த முனை ஒன்று போதும், மொத்தக் கியரும் தடுமாறும்.

வீல், டயர், சீட்போஸ்ட்

27.5 அங்குல ரிம்மின் ஆரம் 26-ஐவிட 12.5 மி.மீ. பெரிது. பிரேக் கட்டை அவ்வளவு மேலே எட்டாது, டயருக்கும் இடம் இருக்காது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 26-இலேயே இருங்கள், ஷ்வால்பே, மேக்சிஸ், கான்டினென்டல் மூன்றும் இந்த அளவில் இன்னும் டயர் விடுகின்றன. 559 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 26 என்று எழுதிய பழைய ரோட்ஸ்டர் டயர்கள் வேறு விட்டம். 70 கிலோ ஆளுக்கு 2.1-2.2 டயரில் முன்னால் சுமார் 30, பின்னால் 34 பிஎஸ்ஐ. பழைய ரிம்மில் டியூப்லெஸ் வேண்டாம். டயர் விளிம்பு பூட்டிக்கொள்ளும் படி அதில் இல்லை, வளைவில் சட்டென்று காற்று போகும்.

டிராப்பர் போஸ்ட் 27.2 குழாய்க்குக் கிடைக்கிறது, கேபிள் வெளியே ஓடும் வகையாகப் பாருங்கள். முன் டிரெய்லியர் போனதால் காலியான கேபிள் நிறுத்திகளில் அதை ஓட்டலாம். 26.8, 26.4 என்றால் மறந்துவிடுங்கள். பழைய ஃபிரேமில் சீட் குழாய் நீளம் என்பதால், உங்கள் உயரத்துக்குச் சீட் தண்டவாளத்திலிருந்து குழாய்க் கழுத்துவரை எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்று அளந்த பிறகே டிராவலைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் வரிசை: டயர், பிரேக் கட்டை, கேபிள் முதலில். பிறகு லீவர், வி-பிரேக், கியர், பின்வீல் ஒரே தொகுப்பாக. பார், ஸ்டெம் அவற்றோடு சேர்ந்தே. ஃபோர்க்கும் முன் டிஸ்க்கும் கடைசியில், பணமும் மனமும் இருந்தால். பின்வீல், கியர், ஃபோர்க், முன்வீல் நான்கும் கட்டாயம் என்ற நிலையில் வண்டி இருந்தால், அந்தத் தொகைக்குக் கைமாறி வரும் நல்ல 29 அங்குல டிஸ்க் வண்டி எவ்வளவு என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் மாட்டி முதல் 50 கி.மீ. ஓடியதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். புது கேபிள் அமர்ந்து கியர் கொஞ்சம் விலகியிருக்கும், கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டிரெய்லியர் பீப்பாயை அரைச் சுற்றுக்குள் திருப்பினால் சரியாகும். சதுர முனைக் கிராங்க் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். லூசாக ஓடினால் கிராங்கின் சதுரத் துளை உருண்டுபோய் அந்தக் கிராங்க் வீணாகும். புது வீலின் ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தி, தளர்ந்த நிப்பிளை இறுக்கி, ஒருமுறை பெண்டு எடுத்துவிடுங்கள்.